ஒரு பிடி மண்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடியில், தேனி மாவட்டத்தில், கம்பம் பள்ளத்தாக்கு என்னும் வளம் மிக்க நிலப்பகுதி உள்ளது. அப்பள்ளத்தாக்கில், சின்னமனூரையும் குச்சனூரையும் அடுத்து, மார்க்கையன்கோட்டை என்னும் ஊர் அமைந்திருக்கிறது. பெரியாற்று அணையில் போதிய நீர் நிற்கும் ஆண்டுகளில், ஜூன் திங்களில் பாசனத்திற்காக நீர் திறந்து விடப்படும். வாய்க்காலில் நீர் வந்ததும் ஊர் முழுவதும் சுறுசுறுப்பு அடையும். மடை திறக்கப்படும், வயல் நனையும், உழவர் தொளி உழுவர், பெண்கள் நாற்றங்காலில் நாற்றுப் பிடுங்கி முடி கட்டுவர். சில நாள்களில் வயல்வெளி எங்கும் இளம்பசுமை படரும்.

நாற்று நடும் பெண் ஒருத்தி வரப்பில் ஏறிக் கையைக் கழுவும்போது, அவள் விரல்களிலிருந்து ஒரு பிடி மண் வாய்க்கால் நீரில் கரைந்து ஓடுகிறது. அதனை ஒருவரும் பொருட்படுத்துவதில்லை. மண்ணைக் காட்டிலும் மலிவான பொருள் உலகில் இல்லை என்பது பலருடைய எண்ணம். ஆனால் அந்த ஒரு பிடி மண் எங்கிருந்து வந்தது, எவ்வாறு உண்டாயிற்று, அது உண்டாக எத்தனை காலம் ஆயிற்று என்று கேட்கத் தொடங்கினால், அதன் விடை வரப்பளவில் நில்லாது, மலைக்குச் செல்லும், மலையின் அடிக்குச் செல்லும், நிலவுலகத்தின் உள்ளறைக்கே சென்று சேரும்.

முதற் கேள்விக்கு ஊர்ப் பெரியவர்களே விடை கூறிவிடுவர். "இந்த மண் ஆறு கொண்டுவந்து சேர்த்த வண்டல்" என்பர் அவர்கள். அது முற்றிலும் உண்மை. பள்ளத்தாக்கின் மேற்கே ஏலமலைத் தொடரும், கிழக்கே மேகமலை, வருசநாட்டு மலைகளும் இரு மதில்கள் போல நிற்கின்றன. அவற்றுக்கு இடையே முல்லையாறும் சுருளியாறும் ஓடுகின்றன. மலைக்கு மேற்கே ஓடிய பெரியாற்றின் நீரும், 1895-ஆம் ஆண்டு முதல், மலையைக் குடைந்து அமைத்த சுரங்க வழியே இப்பக்கம் வந்து சேருகிறது. இந்நீரைக் கொண்டு லோயர்கேம்பு முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் நிலத்தில் இருபோக நெல் விளைவிக்கப்படுகிறது. மார்க்கையன்கோட்டை வயல்களும் அவற்றுள் அடங்கும். பெரியாற்று நீர் வருவதற்கு முன்பும், மனிதர் இங்குக் குடியேறுவதற்கு முன்பும், மலையருவிகள் மணலையும் வண்டலையும் சுமந்து வந்து இப்பள்ளத்தாக்கில் பரப்பியவண்ணம் இருந்தன.

ஆயின் ஆறு மண்ணைப் படைப்பதில்லை. அது வெறும் சுமைகாரனே. அது சுமந்து வந்த பொருள் மலையினுடையது. ஆதலின் மண்ணின் வரலாற்றை அறிய விரும்புவோர் மலையின் வரலாற்றை அறிதல் வேண்டும்.

தேனி மாவட்டத்து மலைகளில் மிகுதியாகக் காணப்படும் பாறை, கருமையும் பசுமையும் கலந்த நிறமுடையது. சம்மட்டியால் அடித்தாலும் எளிதில் உடையாதது. நிலவியலார் இதனைச் சார்னாக்கைட்டு என்று அழைப்பர். இப்பெயர் வந்த வரலாறு சுவையானது. கொல்கத்தா நகரம் உருவாவதற்குக் காரணமானவர்களுள் ஒருவராகக் கருதப்படும் ஜோப் சார்னாக் என்னும் ஆங்கில வணிகரின் கல்லறை அந்நகரில் உள்ளது. அக்கல்லறையில் பதித்திருந்த கல்லை 1893-ஆம் ஆண்டில் ஆராய்ந்த தாமஸ் ஹாலந்து என்னும் அறிஞர், அது சென்னைக்கு அருகில் பல்லாவரத்தில் கிடைக்கும் கல்லை ஒத்திருப்பதைக் கண்டார். அதுவரை தனிப்பெயர் இல்லாதிருந்த அப்பாறைக்கு அவ்வணிகரின் பெயரையே சூட்டினார். இவ்வாறு ஒரு தமிழ்நாட்டுக் கல், வங்கத்துக் கல்லறை ஒன்றின் வாயிலாக உலகெங்கும் பெயர் பெற்றது.

சார்னாக்கைட்டு நிலத்தின் மேற்பரப்பில் உண்டாகும் பாறை அன்று. அது மிகுந்த ஆழத்தில், மிகுந்த அழுத்தத்திலும் வெப்பத்திலும் உருவாவது. கம்பம் பகுதியில் கிடைக்கும் சில பாறைகளில் சஃபிரின் என்னும் அரிய கனிமம் உள்ளது. அதனையும் அதனுடன் சேர்ந்து காணப்படும் பிற கனிமங்களையும் ஆராய்ந்த அறிஞர்கள், அப்பாறைகள் ஒரு காலத்தில் 25 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், 900 டிகிரி செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பத்தில் இருந்தவை என்று முடிவு செய்துள்ளனர். இன்று ஆடு மேய்ப்பவர் அமர்ந்து இளைப்பாறும் கல், அன்று உலைக்களத்தினும் கொடிய வெப்பத்தில் வெந்துகொண்டிருந்தது என்பது வியப்பன்றோ?

நிலத்தின் அடியில் அத்துணை வெப்பம் உண்டு என்பதற்குச் சான்று யாது? ஆழம் மிகுந்த சுரங்கங்களே முதற்சான்று. கருநாடக மாநிலத்துக் கோலார் தங்கச் சுரங்கம் 2001-ஆம் ஆண்டில் மூடப்பட்டது. 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் வாய்ந்த அச்சுரங்கத்தின் அடியில் பாறையின் வெப்பம் 60 டிகிரியைக் கடந்திருந்தது. காற்றைக் குளிர்வித்து உள்ளே செலுத்தியே தொழிலாளர் அங்குப் பணி செய்ய வேண்டியிருந்தது. ஆனால் நிலவுலகின் மையம் மேற்பரப்பிலிருந்து ஏறக்குறைய 6,370 கிலோமீட்டர் ஆழத்தில் உள்ளது. அதனோடு ஒப்பிடும்போது கோலார்ச் சுரங்கம் மாம்பழத்தின் தோலில் ஊசி குத்திய தடம் போன்றதே. அதற்கு அப்பால் உள்ளவற்றை மனிதன் கண்ணால் கண்டதில்லை.

கண்ணால் காணாததைச் செவியால் அறிந்தனர் அறிஞர். குடத்தைத் தட்டிப் பார்த்து அதன் உள்நிலையை அறிவது போல, நிலநடுக்கத்தின்போது எழும் அதிர்வலைகளைக் கொண்டு அவர்கள் நிலத்தின் உள்ளமைப்பை அறிந்தனர். இம்முயற்சியில் இந்தியாவுக்குச் சிறப்பான பங்கு உண்டு. 1897-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் நாள் அசாமில் பெரும் நிலநடுக்கம் நிகழ்ந்தது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ஓல்டாம் என்பவர் அதனை நுணுகி ஆராய்ந்தார். அதிர்வலைகளில் விரைந்து செல்வன ஒரு வகை, அவற்றிற்குப் பின்னே வருவன மற்றொரு வகை என்பதை அவர் பிரித்துக் காட்டினார். 1906-ஆம் ஆண்டில், நிலவுலகின் நடுவே தனித்த கருவம் ஒன்று உண்டு என்பதையும் அவ்வலைகளின் போக்கைக் கொண்டே நிறுவினார். தேனியை அடுத்த கொடைக்கானல் மலையிலும், 1899-ஆம் ஆண்டில் தொடங்கிய வானாய்வுக்கூடத்தில், நிலநடுக்கத்தைப் பதிவு செய்யும் கருவி வைக்கப்பட்டது.

இவ்வாறு அறிந்தவற்றின்படி, நிலவுலகம் மூன்று அடுக்குகளை உடையது. மேலே இருப்பது ஓடு. அது கண்டங்களின் கீழ் 35 அல்லது 40 கிலோமீட்டர் கனமும், கடல்களின் கீழ் ஏறக்குறைய 7 கிலோமீட்டர் கனமும் கொண்டது. அதன் கீழ் இருப்பது கவசம். அது திண்ணிய பாறையே எனினும், பெருவெப்பத்தால் இளகி, நெடுங்கால அளவில் மிக மெதுவாக நகர வல்லது. நடுவில் இருப்பது கருவம். அது பெரும்பாலும் இரும்பால் ஆனது. அதன் வெளிப்பகுதி உருகிய நிலையில் உள்ளது. நிலத்தின் அடியெல்லாம் நெருப்புக் குழம்பு நிறைந்திருக்கிறது என்று சிலர் எண்ணுவர். அது பிழை. கவசத்தில் பாறை உருகியிருக்கும் இடங்கள் சிலவே.

மேலோடும் அதனை ஒட்டிய கவசத்தின் மேற்பகுதியும் ஒரே துண்டாக இல்லை. அவை உடைந்த பானையோடுகள் போலப் பல பெருந்துண்டுகளாகப் பிரிந்துள்ளன. இத்துண்டுகளை நிலத்தட்டுகள் என்பர். இவை நிலையாக இருப்பன அல்ல. ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் அளவு நகர்ந்துகொண்டே இருக்கின்றன. இந்தியாவைத் தாங்கும் தட்டு ஆண்டுக்கு ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் வடக்கு நோக்கி நகர்கிறது. கை நகம் வளரும் வேகம் எவ்வளவோ அவ்வளவே இதன் வேகமும் என்று கூறலாம். அது மிகவும் சிறிதாகத் தோன்றும். ஆனால் ஒரு கோடி ஆண்டில் அந்த நகர்ச்சி 500 கிலோமீட்டர் ஆகிவிடும்.

கண்டங்கள் நகர்கின்றன என்னும் கருத்தை 1912-ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் ஆல்ஃபிரட் வெகனர் வெளியிட்டபோது, அறிஞர் பலர் அதனை ஏற்கவில்லை. 'இவ்வளவு பெரிய நிலத்தை நகர்த்தும் ஆற்றல் எது?' என்று அவர்கள் கேட்டனர். வெகனரால் அதற்குத் தக்க விடை கூற இயலவில்லை. 1930-ஆம் ஆண்டில் கிரீன்லாந்துப் பனிவெளியில் ஆராய்ச்சிப் பயணம் செய்தபோது அவர் உயிர் நீத்தார். பின்னர், 1960-களில், கடலின் அடித்தரையை ஆராய்ந்தவர்கள், நடுக்கடல் மலைத்தொடர்களில் புதிய தரை உண்டாகி இருபுறமும் விலகிச் செல்வதைக் கண்டனர். வெகனரின் கருத்து உயிர் பெற்றது. ஏளனம் செய்யப்பட்ட உண்மையும் சான்று கிடைத்தபோது தலைநிமிர்ந்து நிற்கும் என்பதற்கு அவர் வாழ்க்கை எடுத்துக்காட்டு.

வெகனரின் கருத்துக்கு ஆதாரமாக அமைந்தவற்றுள் ஒன்று இந்தியாவிலும் கிடைத்தது. குளோசாப்டெரிசு என்பது பண்டைக் காலத்தில் வாழ்ந்து மறைந்த ஒரு தாவரம். அதன் இலைத் தடங்கள் பதிந்த கற்கள் இந்தியா, ஆப்பிரிக்கா, தென்னமெரிக்கா, ஆஸ்திரேலியா, அண்டார்க்டிகா ஆகிய நிலங்களில் காணப்படுகின்றன. இடையே பெருங்கடல்கள் கிடக்க, ஒரே தாவரம் எல்லா இடங்களிலும் வளர்ந்தது எவ்வாறு? அந்நிலங்கள் யாவும் ஒரு காலத்தில் ஒன்றாக இணைந்திருந்தன என்பதே பொருத்தமான விடை. அப்பெருங்கண்டத்திற்குக் கோண்டுவானா என்று பெயர். அப்பெயர் மத்திய இந்தியாவில் கோண்டு மக்கள் வாழும் நிலத்தின் பெயரிலிருந்து எடுக்கப்பட்டதாகும்.

இனி, கம்பம் பள்ளத்தாக்குப் பாறைகளின் பிறப்பை விளக்குதல் எளிது. ஏறக்குறைய 55 கோடி ஆண்டுகளுக்கு முன், சிதறிக் கிடந்த நிலத்துண்டுகள் ஒன்றோடொன்று மோதிக் கோண்டுவானா உருவாயிற்று. அம்மோதலில் நிலம் மடிந்தது. மேலே மலைகள் உயர்ந்தன. கீழே பாறைகள் ஆழ அமிழ்ந்து வெந்தன. மேகமலைப் பகுதியின் பாறைகளைப் போன்றவையே இலங்கையிலும் மடகாஸ்கர் தீவிலும் காணப்படுவது அதனால்தான். அவை ஒரே உலையில் வெந்த உடன்பிறப்புகள். சில கனிமங்களில் சிறிதளவு கலந்திருக்கும் யுரேனியம் காலப்போக்கில் ஈயமாக மாறும். எவ்வளவு மாறியுள்ளது என்பதை அளந்தே அறிஞர் பாறையின் வயதைக் கணக்கிடுகின்றனர்.

ஆழத்தில் கிடந்த பாறை மேலே வந்தது எவ்வாறு? சுமை ஏற்றிய ஓடம் நீரில் ஆழ்ந்திருக்கும். சுமையை இறக்க இறக்க அது மேலே எழும். அதுபோல, மலையின் உச்சியை மழையும் காற்றும் கரைத்துச் செல்லச் செல்ல, அடியில் உள்ள பாறை மெல்ல மெல்ல உயர்ந்தது. பின்னர்க் கோண்டுவானா உடைந்தது. ஏறக்குறைய 9 கோடி ஆண்டுகளுக்கு முன் மடகாஸ்கர் இந்தியாவின் மேற்குக் கரையிலிருந்து பிரிந்து சென்றது. அவ்வாறு பிரிந்த விளிம்பை ஒட்டியே மேற்குத் தொடர்ச்சி மலை நிற்கிறது. அதன் உச்சியில் நின்று மேற்கே நோக்குவோர், ஒரு காலத்தில் அங்கே கடல் இல்லை, மற்றொரு நிலம் இருந்தது என்பதை நினைவு கொள்ளலாம்.

தனித்துப் பிரிந்த இந்தியா வடக்கு நோக்கிச் சென்று, ஏறக்குறைய 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவை முட்டியது. இடையிலிருந்த கடலின் அடித்தரை மடிந்து இமயமாக உயர்ந்தது. எவரெஸ்ட் சிகரத்தின் உச்சிப் பாறையில் கடல்வாழ் உயிர்களின் எச்சங்கள் இருப்பதற்கு இதுவே காரணம். அம்மோதல் இன்னும் ஓயவில்லை. தட்டு முழுவதும் இறுக்கத்தில் உள்ளது. பாறையில் பழைய பிளவுகள் உள்ள இடங்களில் அவ்வழுத்தம் சேர்ந்துகொண்டே வரும். பொறுக்கும் எல்லையைக் கடந்ததும் பாறை திடீரெனச் சறுக்கும். அப்போது எழும் அதிர்வே நிலநடுக்கம்.

ஆதலின் நிலநடுக்கம் இமயத்திற்கு மட்டும் உரியதன்று. 1900-ஆம் ஆண்டு பிப்ரவரி 8-ஆம் நாள் கோயம்புத்தூர்ப் பகுதியில் ஏறக்குறைய 6 அளவுள்ள நிலநடுக்கம் நிகழ்ந்தது. கம்பம் பள்ளத்தாக்கின் மேற்கு மலைக்கு அப்பால், கேரளத்தின் கோட்டயம் மாவட்டத்தில், 2000-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள் 5 அளவுள்ள நிலநடுக்கம் உண்டாயிற்று. இவ்வளவுகளில் ஓர் எண் கூடினால் வெளிப்படும் ஆற்றல் ஏறக்குறைய 32 மடங்கு கூடும் என்பதை மாணவர் நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

நிலநடுக்கத்தைத் தடுக்க மனிதனால் இயலாது. அது வரும் நாளையும் முன்கூட்டி அறிய இயலாது. ஆனால் அதனால் விளையும் கேட்டைக் குறைக்க இயலும். 1993-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள் விடியற்காலையில் மகாராட்டிர மாநிலத்துக் கில்லாரிப் பகுதியில் நிலம் நடுங்கியது. ஏறக்குறைய 10,000 மக்கள் மாண்டனர். அவர்களைக் கொன்றது நிலம் அன்று. சேறு பூசி அடுக்கிய கனத்த கற்சுவர்களே உறங்கியவர்மேல் சரிந்தன. அதைவிடப் பெரிய நடுக்கங்கள் நிகழ்ந்தும், உறுதியான கட்டடங்கள் உள்ள ஊர்களில் உயிர்ச்சேதம் குறைவாக இருந்ததுண்டு. கம்பம் பள்ளத்தாக்கு மக்களுக்கு இவ்வறிவு மிகவும் வேண்டுவது. அவர்களுக்கு உயிரளிக்கும் பெரியாற்று அணையும் மலைமேல் நிற்கிறது. கல்லும் சுண்ணாம்புக் கலவையும் கொண்டு கட்டிய அவ்வணை 1979-ஆம் ஆண்டிற்குப் பின் கான்கிரீட்டாலும் உருக்கு வடங்களாலும் வலுப்படுத்தப்பட்டது. அணையாயினும் வீடாயினும், அதன் உறுதியை இடைவிடாது ஆராய்ந்து பேணுதல் கடமையாகும்.

தட்டுகள் மோதும்போது எப்பொழுதும் மலை உயர்வதில்லை. கடலடித் தட்டு மற்றொரு தட்டின் கீழ் நுழைந்து செல்வதும் உண்டு. சுமத்திரா, அந்தமான் தீவுகளை ஒட்டிய கடலில் இந்தியத் தட்டு அவ்வாறு நுழைகிறது. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் அங்கே ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீளத்திற்குப் பாறை சறுக்கியது. நடுக்கத்தின் அளவு 9-ஐக் கடந்தது. கடலின் தரை உயர்ந்து தாழ்ந்ததால் எழுந்த ஆழிப்பேரலை தமிழ்நாட்டுக் கரையைத் தாக்கியது. இம்மாநிலத்தில் மட்டும் ஏறக்குறைய 8,000 பேர் உயிரிழந்தனர். நடுக்கத்திற்கும் அலை வந்து சேர்ந்ததற்கும் இடையே இரண்டு மணி நேரத்திற்கு மேல் இருந்தது. அந்நேரத்தில் எச்சரிக்கை செய்திருந்தால் பலரைக் காத்திருக்கலாம். அத்துயரத்தின் பின்னரே, 2007-ஆம் ஆண்டில் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் நிறுவப்பட்டது.

ஒரு தட்டு மற்றொன்றின் கீழ் நுழையும் இடங்களில் எரிமலைகளும் தோன்றும். அமிழும் தட்டு தன்னுடன் நீரைக் கொண்டுசெல்கிறது; அந்நீர் கலந்ததும் கவசத்தின் சூடான பாறை உருகிக் குழம்பாகி மேலெழுகிறது. அந்தமான் கடலில் உள்ள பாரன் தீவு அவ்வாறு எழுந்ததே. இந்தியாவில் இன்றும் அனல் கக்கும் எரிமலை அது ஒன்றுதான். நெடுங்காலம் அடங்கிக் கிடந்த அது 1991-ஆம் ஆண்டில் மீண்டும் வெடித்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடியில் அத்தகைய தட்டு எதுவும் நுழையவில்லை. ஆதலின் கம்பம் பள்ளத்தாக்கில் எரிமலை இல்லை.

எரிமலை அழிவை மட்டும் செய்வதன்று. அது மண்ணுக்கும் தாயாகும். ஏறக்குறைய 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன், தக்காணத்தில் நிலம் பிளந்து பாறைக்குழம்பு வழிந்து பரவியது. அது குளிர்ந்து உண்டான கருங்கல் சிதைந்தே மகாராட்டிரத்துக் கரிசல் நிலங்கள் உண்டாயின. தேனி மாவட்டத்துச் செம்மண்ணோ, எரிமலையின் தொடர்பின்றி, ஆழத்தில் வெந்து உயர்ந்த பழம்பாறையிலிருந்து பிறந்தது.

கடினமான பாறை மெல்லிய மண்ணாவது எவ்வாறு? பகலில் வெயில் பாறையை விரிக்கிறது. இரவில் குளிர் சுருக்குகிறது. நாள்தோறும் நிகழும் இச்செயலால் நுண்ணிய விரிசல்கள் விழுகின்றன. விரிசலில் மழைநீர் இறங்குகிறது. காற்றில் உள்ள கரியமில வாயு கலந்திருப்பதால் மழைநீர் சிறிது புளிப்புத் தன்மை உடையது. அது பாறையின் கனிமங்களை மெல்லக் கரைக்கிறது. ஆலும் அரசும் தம் வேரை உள்ளே செலுத்திப் பிளவை விரிக்கின்றன. பாறையில் உள்ள பெல்சுபார் என்னும் கனிமம் களிமண்ணாகிறது. குவார்ட்சு அழியாது நின்று மணலாகிறது. இரும்பு துருவேறிச் செந்நிறம் தருகிறது. செம்மண்ணின் சிவப்பு, பழைய ஆணியில் ஏறிய துருவின் சிவப்பேயாகும்.

இவ்வாறு சிதைந்தவற்றை மழை அடித்துச் செல்கிறது. மலைச்சரிவில் வேகமாக ஓடும் ஆறு பெருங்கற்களையும் உருட்டும். பள்ளத்தாக்கில் அதன் வேகம் தணியும். முதலில் கல்லும், பின்னர் மணலும், இறுதியில் மெல்லிய வண்டலும் படியும். மார்க்கையன்கோட்டை வயலில் நீரைத் தேக்கி வைத்து நெல்லை வளர்க்கும் நுண்மண், பல பாறைகள் தேய்ந்து, சலித்து, சேர்ந்தது.

ஆயினும் பாறைத்தூள் மட்டும் மண் ஆகாது. உதிர்ந்த இலையும் மடிந்த வேரும் மக்கி அதனோடு கலத்தல் வேண்டும். ஒரு தேக்கரண்டி வளமான மண்ணில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. மண்புழு மண்ணை விழுங்கி வெளியேற்றி, கீழுள்ளதை மேலும், மேலுள்ளதைக் கீழும் கலக்கிறது. அதன் தொண்டினை வியந்து, 1881-ஆம் ஆண்டில் சார்லஸ் டார்வின் தனி நூலே எழுதினார். இத்தனையும் நிகழ்ந்து ஓர் அங்குல மேல்மண் உருவாகப் பல நூறு ஆண்டுகள் ஆகும்.

அதனை இழப்பதற்கு அத்தனை காலம் வேண்டுவதில்லை. சரிவில் மரங்களை அழித்தால், ஒரு மாரியின் பெருமழையே பல தலைமுறைகளின் மண்ணை அடித்துச் சென்றுவிடும். 1959-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட வைகை அணையில் வண்டல் படிந்து, அதன் கொள்ளளவு குறைந்துள்ளது. வயலில் இருந்தால் செல்வமாகும் மண், அணையில் சேர்ந்தால் சுமையாகிவிடுகிறது. செங்கல் சூளைக்காக மேல்மண்ணை வெட்டி விற்பவர் ஒரு சிறு தொகையைப் பெறுகிறார். அவர் கொடுப்பதோ திரும்பப் பெற இயலாத பொருள்.

மண்ணைக் காக்கும் வழிகள் புதியன அல்ல. மேகமலைக் காடு வனவிலங்குப் புகலிடமாகவும், 2021-ஆம் ஆண்டில் திருவில்லிபுத்தூர்க் காட்டுடன் இணைந்து புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. காடு காக்கப்பட்டால் புலி மட்டும் வாழ்வதில்லை. சரிவின் மண்ணும் தங்கும். கோடையில் கண்மாயில் படிந்த கரம்பையை வண்டியில் ஏற்றி வயலுக்குக் கொண்டுவருதல் முன்னோர் வழக்கம். அதனால் கண்மாய் ஆழமாகும். வயலும் வளம் பெறும். தக்கைப்பூண்டும் கொழிஞ்சியும் விதைத்து, மடக்கி உழுதலும், வரப்பை உயர்த்திக் கட்டுதலும், தொழுவுரம் இடுதலும் மண்ணுக்கு உயிரூட்டுவன.

நிலத்தட்டுகளின் நகர்ச்சி மனிதனின் கட்டளைக்கு அடங்காது. எரிமலையை அணைக்கவும், நிலநடுக்கத்தை நிறுத்தவும் அவனால் இயலாது. ஆனால் அப்பெருஞ்செயல்கள் எல்லாம் முடிந்து இறுதியில் விளைந்த பயனாகிய மண், அவன் காலடியில் கிடக்கிறது. அதனைக் காப்பதும் கெடுப்பதும் அவன் கையில் உள்ளன.

மார்க்கையன்கோட்டை வரப்பில் நின்று, உழவர் ஒருவர் ஒரு பிடி மண்ணை அள்ளுகிறார். அதில் 55 கோடி ஆண்டுப் பழமையான மலை உண்டு. கண்டங்கள் மோதிய வரலாறு உண்டு. காட்டு மரத்தின் இலையும் ஆற்றின் உழைப்பும் உண்டு. அடுத்த போகத்திற்கான நெல்லும் அதிலிருந்துதான் எழ வேண்டும். அவர் அதனை விரலால் நசுக்கிப் பதம் பார்க்கிறார். பின்னர் எடுத்த இடத்திலேயே இட்டு, மடையைத் திறக்கச் செல்கிறார்.